மறுபடியும் கேட்கும் கதை: ஒரு படப்புத்தகம் நிலைப்பது எதனால்?

பெங்களூரு விவேக் நகரில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலம் வாசிக்கிறது. வகுப்பிலும் தெருவிலும் கன்னடம் பழகுகிறது. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்த நாள்தொட்டுத் தமிழர் குடியேறிவந்த நகரம் இது. விவேக் நகர், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா என்று இந்தப் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் தமிழ் காதில் விழும். வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்திலும் தமிழுக்குக் குறைவில்லை. ஆனால் காதில் விழும் தமிழ் கண்ணில் படுவதில்லை. கர்நாடக அரசு 2015-இல் இயற்றிய கன்னட மொழி கற்றல் சட்டத்தின்படி பள்ளிகளில் கன்னடம் கட்டாயம். ஆங்கிலம் எப்படியும் உண்டு. தமிழ் எழுத்து பல வீடுகளில் பெற்றோர் தலைமுறையோடு நின்றுபோகிறது.

இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை அறிமுகம் செய்ய மடியில் வைத்து வாசிக்கும் படப்புத்தகத்தைவிட நல்ல வழி இல்லை. படம் பாதிக் கதையைச் சொல்லிவிடும். மீதியைப் பெரியவர் குரல் சொல்லும். எழுத்து மெல்லப் பழகும். அப்படியென்றால், ஓர் அம்மா தன் சிறுவயதில் படித்துவிட்டு இன்று தன் பிள்ளைக்கும் கடையில் வாங்கித் தரக்கூடிய தமிழ்ப் படப்புத்தகம் எது? ஆங்கிலத்தில் இதே கேள்வியைக் கேட்டால் பத்துப் பெயர்கள் வரும். தமிழில் ஒன்றுக்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. கதைக்கோ ஓவியருக்கோ அச்சகத்துக்கோ பஞ்சம் இல்லாத மொழி இது. பிறகு ஏன் இந்த நிலை?

படப்புத்தகம் நிலைப்பதற்கு அதன் அழகே காரணம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். தென்னிந்தியாவில் பிறந்த சில புத்தகங்களின் வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அழகு ஒரு புத்தகத்தைப் பிறக்க வைக்கும். அதை வாழ வைப்பவை மூன்று: வாய்விட்டு வாசிக்கத் தோதான அமைப்பு, உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு விடாமல் மறுபதிப்புப் போடும் பதிப்பாளர், திரும்பத் திரும்ப வாசித்துக்காட்டும் பெரியவர். இவற்றில் ஒன்று குறைந்தாலும் புத்தகம் ஒரு தலைமுறையைத் தாண்டுவதில்லை, அல்லது கோணலாகத் தாண்டுகிறது.

கொடைக்கானல் ரயில்

கோணலாகத் தாண்டிய புத்தகத்திலிருந்தே தொடங்கலாம். உலகெங்கும் அறியப்பட்ட ஒரு படப்புத்தகம் தமிழ்நாட்டுப் பயணம் ஒன்றில் பிறந்தது. ஹெலன் பானர்மன் எடின்பரோவில் 1862-இல் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் இருந்த வில்லியம் பானர்மனை 1889-இல் மணந்துகொண்டு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்தார். வெயிலுக்குப் பயந்து பெண் குழந்தைகளைக் கொடைக்கானலில் விட்டுவிட்டு, 1898-இல் ரயிலில் தனியே திரும்பும்போது அவர்களுக்காக எழுதியது என்று அந்தக் கதையின் பிறப்பைச் சொல்வது வழக்கம். படங்களையும் அவரே வரைந்தார். லண்டனில் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் 1899-இல் அதை வெளியிட்டார். 'லிட்டில் பிளாக் சாம்போ' என்பது அதன் பெயர்.

கதை எளியது. புதுச் சட்டை, கால்சட்டை, செருப்பு, குடை என்று பெருமையோடு காட்டுக்குள் போகும் சிறுவனை நான்கு புலிகள் ஒவ்வொன்றாக மறிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைக் கொடுத்துத் தப்புகிறான். யார் அழகு என்று புலிகள் சண்டையிட்டு, ஒரு மரத்தைச் சுற்றி ஓடி ஓடி நெய்யாக உருகிவிடுகின்றன. அந்த நெய்யில் அம்மா அப்பம் சுடுகிறாள். அம்மா 27, அப்பா 55, பையன் 169 அப்பம் சாப்பிடுகிறார்கள்.

இதன் கட்டுமானத்தைக் கவனிக்க வேண்டும். நான்கு முறை ஒரே மாதிரி உரையாடல், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம். இரண்டாவது புலி வரும்போதே கேட்கும் குழந்தைக்கு அடுத்த வரி தெரிந்துவிடும். பக்கத்தைப் புரட்டுமுன் அதுவே சொல்லிவிடும். எழுத்து ஒரு பக்கம், படம் எதிர்ப்பக்கம். சிறு கைக்கு அடங்கும் அளவு. பாட்டிமார் வாய்மொழியாகச் சொல்லிவந்த கதைகளின் உத்தியை அச்சுக்குள் கொண்டுவந்த புத்தகம் இது. அமைப்பு என்ற முதல் தேவை முழுமையாக நிறைவேறியிருந்தது.

இரண்டாவதில்தான் சறுக்கல். பதிப்புரிமை வெறும் 5 பவுண்டுக்கு விற்கப்பட்டது. அதன்பின் புத்தகம் எழுதியவர் கையில் இல்லை. அமெரிக்காவில் ஆளாளுக்குப் பதிப்புப் போட்டார்கள். புதுப்புதுப் படங்கள் வரைந்தார்கள். மூலப் படங்களிலேயே குறை உண்டு: புலியும் நெய்யும் இந்தியாவுக்கு உரியவை, மனிதர்களோ ஆப்பிரிக்கரைப் பற்றிய அக்கால வெள்ளையர் கேலிச்சித்திரத்தின் சாயல் கொண்டவர்கள். அமெரிக்கப் பதிப்புகள் அந்தச் சாயலை இனவெறிக் கேலியாகவே முற்ற வைத்தன. பெயரும் வசைச்சொல் ஆனது. லாங்ஸ்டன் ஹியூஸ் போன்ற கறுப்பினக் கவிஞர்கள் 1930களிலேயே கண்டித்தார்கள். தங்கள் பிள்ளைகள் வகுப்பறையில் அந்தப் பெயரால் கேலி செய்யப்படுவதைப் பார்த்த பெற்றோரின் எதிர்ப்பால் நூலகங்கள் ஒவ்வொன்றாக அதை அகற்றின. 1957-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'சாம்போஸ்' உணவகங்கள், உரிமையாளர்களின் பெயர்ச் சேர்க்கையில் கிடைத்த பெயரோடு இக்கதைப் படங்களையும் சுவரில் மாட்டிக்கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகளாகப் பெருகின. எதிர்ப்பும் கடனும் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் அவை சரிந்தன.

ஆனாலும் கதை சாகவில்லை. ஜப்பானில் 1953-இல் இவனாமி நிறுவனம் வெளியிட்ட பதிப்பு மிகப் பெரிய வெற்றி பெற்றது; 1988-இல் கண்டனத்தால் நிறுத்தப்பட்டது; 2005-இல் வேறொரு பதிப்பகம் மீண்டும் கொண்டுவந்தபோது விற்பனை மறுபடியும் ஏறியது. 1996-இல் இரு மறுஆக்கங்கள் ஒரே ஆண்டில் வந்தன. ஜூலியஸ் லெஸ்டரும் ஜெர்ரி பிங்க்னியும் கறுப்பினக் கலைஞர்களின் கண்ணோட்டத்தில் 'சாம் அண்ட் த டைகர்ஸ்' செய்தார்கள். ஃப்ரெட் மார்செலினோ கதையை இந்தியாவுக்கே திருப்பி, சிறுவனுக்குப் பாபாஜி என்று பெயரிட்டுப் படம் வரைந்தார். கதையின் எலும்புக்கூடு அவ்வளவு உறுதி. அதன் மேல் போர்த்திய படங்களும் பெயர்களும் யார் கையில் இருந்தன என்பதே அதன் நற்பெயரையும் கெட்ட பெயரையும் தீர்மானித்தது.

தமிழில் படம் எங்கே இருந்தது?

தமிழ்க் குழந்தைகளுக்குப் படம் கிடைக்காமல் இல்லை. 1947 ஜூலையில் சக்ரபாணியும் நாகிரெட்டியும் தொடங்கிய 'அம்புலிமாமா' மாதந்தோறும் படங்களை அள்ளிக் கொடுத்தது. வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனைப் பல பத்தாண்டுகள் வரைந்த ஓவியர் சங்கர் கொங்கு நாட்டிலிருந்து வந்தவர். அவர் வரைந்த வேதாளத்தைத் தவிர வேறொரு வேதாளத்தை எண்ணிப் பார்க்க முடியாத தலைமுறைகள் உண்டு. 1972-இல் 'கோகுலம்' வந்தது. அதே ஆண்டு சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வந்தது. வாண்டுமாமாவின் கதைகளும் படங்களோடுதான் வந்தன.

பிரச்சினை, இவை எல்லாம் இதழ்கள் என்பதில் இருக்கிறது. இதழுக்கு ஆயுள் ஒரு மாதம். அடுத்த மாதம் புது இதழ் வரும், பழையது எடைக்குப் போகும். கட்டித் தைத்து வைத்திருந்தவர்கள் சிலர்; அவர்களின் தொகுப்புகள் இன்று சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். பெரும்பாலான வீடுகளில் நினைவு மட்டும் மிஞ்சியது. சிறந்த ஓவியர்களின் உழைப்பு இதழ்களுக்குப் போனதால், ஒரே கதை ஒரே ஓவியர் என்று முப்பது பக்கத்தில் நிற்கும் புத்தகம் இங்கே வலுவான வடிவமாக வேரூன்றவில்லை. அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் நிலைத்திருப்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பள்ளியில் ஆசிரியர் குரலும் வீட்டில் தாய் குரலும் அவற்றைச் சுமந்து சென்றன. அவற்றுக்குப் படம்கூடத் தேவைப்படவில்லை. மூன்றாவது தேவையான வாசிக்கும் பெரியவர் அங்கே இருந்தார்.

புத்தக வடிவில் படம் வந்த இடங்களும் இரண்டு உண்டு. ஒன்று, நேஷனல் புக் டிரஸ்ட். நேரு பால் புஸ்தகாலயா வரிசையில் ஒரே படங்களை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் மாற்றிப் பல இந்திய மொழிகளில் வெளியிடும் முறையை அது பரவலாக்கியது. மிக்கி பட்டேலின் 'ரூபா' யானைக் கதை, தன் சாம்பல் நிறம் பிடிக்காமல் நண்பர்களின் வண்ணங்களைப் பூசிக்கொள்ளும் யானையைப் பற்றியது. பல பத்தாண்டுகளாக அச்சில் இருக்கும் சில இந்தியப் படப்புத்தகங்களில் அது ஒன்று. விலை குறைவு, மொழிகள் பல, அரசு நிறுவனத்தின் விடாத மறுபதிப்பு. நிலைத்ததற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மற்றொன்று, சோவியத் புத்தகங்கள். மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகச் சொற்ப விலைக்குத் தமிழ்நாட்டின் சிற்றூர்வரை வந்த அந்தப் பளபளப்பான தாள்களை 1970களிலும் 80களிலும் வளர்ந்தவர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றோர் சோவியத் நூல்களைத் தமிழில் தந்தார்கள். 1991-இல் சோவியத் நாடு கலைந்ததோடு அந்த வரத்து அறுந்தது. படம் அழகு, கதை அழகு, வாசகர் அன்பு எல்லாம் இருந்தும் அடுத்த தலைமுறைக்குப் பெரும்பாலானவை போய்ச் சேரவில்லை. மறுபதிப்புப் போட ஆளில்லாமல் போனால் எவ்வளவு நேசிக்கப்பட்ட புத்தகமும் நினைவாகச் சுருங்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சென்னையில் பிறந்து வெளிநாட்டில் வளர்ந்தவை

1990களின் நடுவில் சென்னை இந்தியப் படப்புத்தகத்தின் முக்கிய ஊர் ஆனது. கீதா வூல்ஃப் 1994-இல் தாரா புக்ஸைத் தொடங்கினார். ராதிகா மேனன் 1996-இல் தூலிகாவைத் தொடங்கினார். இரண்டும் இரு வேறு பாதையில் போயின.

தாராவின் தொடக்கக் காலப் புத்தகங்களில் ஒன்று 'த வெரி ஹங்ரி லயன்'. சோம்பேறிச் சிங்கம் ஒன்று இரையிடம் ஏமாந்துபோகும் நாட்டுப்புறக் கதை. சிங்கத்தின் பெயரே சிங்கம்தான். இந்திரப்ரமித் ராய் வார்லி ஓவிய மரபின் சாயலில் படம் வரைந்தார். கையால் செய்த தாளில், ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்ட மாதிரிப் பிரதி ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்குப் போனது. கனடாப் பதிப்பகம் ஒன்று 8,000 பிரதிகள் கேட்டது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிச் சட்டம்; ஒரு வண்ணம் இழுத்து, காயவைத்து, அடுத்த வண்ணம் இழுக்க வேண்டும். இதைக் கையால் ஆயிரக்கணக்கில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு விடையாகத்தான் ஆறுமுகம் தலைமையில் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்ற அச்சுப் பட்டறை வளர்ந்தது.

அதே பட்டறையிலிருந்து 2006-இல் 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' வந்தது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி மூவரும் தம் சமூகத்தின் மரக்கதைகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். 2008-இல் இத்தாலியின் பொலோக்னா சிறார் புத்தகச் சந்தையில் ராகாஸ்ஸி நியூ ஹொரைசன்ஸ் விருது பெற்றது. ஒவ்வொரு பதிப்புக்கும் புதிய அட்டை, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் எழுதிய எண் என்று இன்றும் மறுபதிப்புக் காண்கிறது. அனுஷ்கா ரவிசங்கர் எழுதி, புலக் பிஸ்வாஸ் கறுப்பும் ஆரஞ்சுமாக வரைந்த 'டைகர் ஆன் எ ட்ரீ' 1997-இல் வந்து, 1999 பிராட்டிஸ்லாவா ஓவியக் கண்காட்சியில் விருது வாங்கியது, அமெரிக்காவிலும் வெளியானது.

இந்த வெற்றியில் ஒரு முரண் இருக்கிறது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் கையால் இழுத்த வண்ணத்தைப் பாரிஸ் பிள்ளை பார்க்கிறது. பட்டறைக்கு அடுத்த தெருப் பிள்ளை பார்ப்பதில்லை. கைவேலையின் விலை நடுத்தரக் குடும்பம் யோசித்து வாங்கும் விலை. எழுத்து பெரும்பாலும் ஆங்கிலம். கலைப்பொருளாக அவை நிலைத்துவிட்டன. ஐஸ்கிரீம் கையோடு புரட்டி, ஓரம் கிழிந்து, மறுபடி வாங்கும் புத்தகமாக இங்கே நிலைக்கவில்லை. இதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. நியாயமான கூலி கொடுத்துக் கையால் செய்தால் விலை அப்படித்தான் இருக்கும்.

தூலிகா எடுத்த பாதை விவேக் நகருக்கு நெருக்கமானது. ஆங்கிலமும் ஓர் இந்திய மொழியும் ஒரே பக்கத்தில் அமையும் இருமொழிப் புத்தகங்களைச் சாதாரண விலையில் அது தொடர்ந்து வெளியிட்டது. தமிழ், கன்னடம் உட்பட எட்டு இந்திய மொழிகளில். அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்து 2010-இல் வந்த 'கஜபதி குலபதி' இந்த வரிசையின் நட்சத்திரம். பெரிய யானைக்கு ஜலதோஷம் பிடிக்கிறது. அது தும்மினால் ஊர் என்ன ஆகும்? பெயரைச் சொல்லும்போதே வாயில் தாளம் தட்டுகிறது. தும்மல் வரும் பக்கத்தை வாசிப்பவர் நடிக்காமல் கடக்க முடியாது. சாம்போ கதையில் கண்ட அதே அமைப்பு: ஒன்றையே திரும்பச் சொல்லி எதிர்பார்ப்பைக் கூட்டுவது. அது தொடர் புத்தகங்களாகவும் வளர்ந்தது. தமிழில் அடுத்த தலைமுறைக்குக் கைமாறப்போகும் படப்புத்தகம் எது என்று பந்தயம் கட்டச் சொன்னால் இதன் மேல்தான் கட்டலாம்.

பெங்களூருவின் பங்கு

பெங்களூருவும் இந்த வரலாற்றில் வெறும் பார்வையாளர் அல்ல. அமர் சித்ர கதையின் தொடக்கமே இங்கிருந்து என்று ஒரு வலுவான தடம் உண்டு. 1965-இல் பெங்களூருவின் ஜி.கே. அனந்தராம் முன்முயற்சியில் மேலை நாட்டுத் தேவதைக் கதைகள் கன்னடப் படக்கதைகளாக வந்தன. அமர் சித்ர கதையின் ஆசிரியர் அனந்த் பையின் 'கிருஷ்ணா' அந்த வரிசையில் 11-ஆம் எண்ணாக வந்ததற்குக் காரணம் முன்னால் பத்துத் தேவதைக் கதைகள் இருந்ததுதான். அமர் சித்ர கதை இதழைப் போலத் தோன்றினாலும் புத்தகத்தைப் போல விற்கப்பட்டது. பழைய எண்கள் தீர்ந்தால் மறுபடி அச்சிட்டார்கள். பல எண்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகள் போட்டார்கள். அதன் சாதி, மத, பெண் சித்திரிப்புகள் பற்றிய விமர்சனங்கள் நியாயமானவை. ஆனாலும் அம்புலிமாமா நின்றுபோய் அது நிலைத்ததற்கு இந்த மறுபதிப்புப் பழக்கம் முக்கியக் காரணம்.

2004-இல் இதே நகரில் ரோகிணி நிலேகனி உள்ளிட்டோர் தொடங்கிய பிரதம் புக்ஸ், லாப நோக்கமில்லாமல் மலிவு விலையில் பல மொழிகளில் படப்புத்தகம் போடுவதைக் குறிக்கோளாகக் கொண்டது. நோனி என்ற புனைபெயரில் நிலேகனியே எழுதிய சிருங்கேரி சீனிவாசன் கதைகள், நீள முடியோடு ஊர் முழுக்க அலைந்தும் முடிவெட்ட ஆள் கிடைக்காத மனிதரைப் பிள்ளைகளிடம் பிரபலமாக்கின. 2015 செப்டம்பர் 8-இல், உலக எழுத்தறிவு நாளன்று, அந்நிறுவனம் ஸ்டோரிவீவர் என்ற மின்தளத்தைத் திறந்தது. 24 மொழிகளில் 800 கதைகளோடு தொடங்கிய தளம் பின்னர் நூற்றுக்கணக்கான மொழிகளுக்குப் பரவியது. திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் மொழிபெயர்க்கலாம், பதிவிறக்கி அச்சிடலாம்.

பானர்மன் உரிமையை இழந்ததும் கதை ஆளாளுக்குச் சிதைந்தது. பிரதம் உரிமையைத் தானே முன்வந்து திறந்து வைத்தது. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு: இங்கே ஆக்கியவர் பெயர் நிற்கிறது, மூலம் ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது, தரம் பார்க்க ஒரு நிறுவனம் இருக்கிறது. பரவலுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. நிலைப்புக்கு இது போதுமா என்பது ஐயமே. ஆயிரம் கதை விரல்நுனியில் இருக்கும்போது குழந்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. கிளாசிக் என்பது நூறாவது முறையும் அதே புத்தகத்தைக் கேட்பதில் பிறக்கிறது.

வெளியுலக அனுபவமும் இதையே சொல்கிறது. எரிக் கார்லின் 'த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' 1969-இல் வந்தபோது, பக்கங்களில் துளையிட்டு அச்சிடக் கட்டுப்படியாகும் அச்சகம் அமெரிக்காவில் கிடைக்காமல் ஜப்பானில் அச்சிட்டார்கள். இன்று அது ஐந்து கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. 1947-இல் வந்த 'குட்நைட் மூன்' புத்தகத்தை நியூயார்க் பொது நூலகம் 1972-வரை வாங்கவில்லை. பெற்றோர் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அது வளர்ந்தது. பதிப்பாளர் அதுவரை அச்சில் விடாமல் வைத்திருந்தார். தொடக்கத்தில் கவனிக்கப்படாத புத்தகம் பொறுமையான பதிப்பாளரால் கிளாசிக் ஆகலாம். கொண்டாடப்பட்ட புத்தகம் மறுபதிப்பின்றி மறையலாம்.

விவேக் நகர்ப் பிள்ளைக்கு என்ன வேண்டும்?

தமிழ்நாட்டு அரசு பள்ளிகளுக்காக 2023-இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சிறு புத்தகங்களை வகுப்பறைக்குக் கொண்டுபோனது. பாரதி புத்தகாலயத்தின் சிறார் நூல்கள், 'தும்பி' போன்ற இதழ்கள் என்று தமிழ்ச் சிறார் பதிப்பில் இன்று நல்ல அசைவு தெரிகிறது. இவை எதுவும் மாநில எல்லை தாண்டி வாழும் தமிழ்ப் பிள்ளையை மனதில் வைத்துத் திட்டமிட்டவை அல்ல. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் பாடமாக வராது, தேர்வு இருக்காது, ஆசிரியர் இருக்க மாட்டார். மடியில் உட்கார வைத்து வாசிப்பவர் மட்டுமே உண்டு. அந்தப் பெரியவருக்கே தமிழ் எழுத்து தடுமாறும் என்றால் இருமொழிப் பக்கம் அவருக்கும் ஊன்றுகோல்.

இங்கே செய்யக்கூடியது பெரிய செலவு கேட்கும் வேலை இல்லை. தமிழ்ச் சங்கங்களும் ஆலயங்களும் குடியிருப்புச் சங்கங்களும் ஆண்டு விழாவில் கோப்பைக்குப் பதில் படப்புத்தகம் தரலாம். ஒரு சிறு நூலக அலமாரிக்கு நூறு தலைப்புகளை வாங்குவதைவிட இருபது தலைப்புகளை ஐந்தைந்து பிரதியாக வாங்குவது மேல். ஒரு தெருவின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே யானையை, ஒரே தும்மலை அறிந்திருந்தால்தான் அது அவர்கள் பேச்சில் புழங்கும். பேச்சில் புழங்கும் புத்தகத்தை வளர்ந்த பின் அவர்களே தேடி வாங்குவார்கள். அந்தத் தேடல் இருந்தால் பதிப்பாளருக்கு மறுபதிப்புப் போடத் துணிவு வரும்.

தமிழில் கிளாசிக் படப்புத்தகம் ஏன் இல்லை என்று எழுத்தாளரையும் ஓவியரையும் பார்த்துக் கேட்பது பாதிக் கேள்விதான். அவர்கள் தங்கள் பங்கைப் பல முறை செய்திருக்கிறார்கள். மீதிப் பாதி, பத்தாம் பதிப்புக்குக் காத்திருக்கத் தயாரான பதிப்பகத்தையும், ஐம்பதாவது முறையும் அலுக்காமல் வாசிக்கத் தயாரான வீட்டையும் நோக்கிக் கேட்க வேண்டியது. இந்த இரண்டும் அமைந்தால், இன்று அச்சில் இருக்கும் சில தமிழ்ப் படப்புத்தகங்களே இன்னும் இருபது ஆண்டில் கிளாசிக் என்று அழைக்கப்படும்.